நாலாவது ஒட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையைக் கூட்டுவது முத்தையாவுக்கு ஒரு விரதம் மாதிரி. வாரம் முழுக்க லோரிகளின் அடிவயிற்றில் படுத்துக்கொண்டு இரும்பைப் பொசுக்குகிற மனிதர், அன்றைக்கு மட்டும் குளித்து, விபூதி பூசி, சலவைச் சட்டையோடு வந்து துடைப்பத்தை எடுப்பார். கிள்ளானிலிருந்து துறைமுகத்துக்குப் போகிற சாலையில் அந்தப் பட்டறையைத் தெரியாத லோரிக்காரன் கிடையாது. முத்தையா ஒட்டிக் கொடுத்த டிரெய்லர் அடுத்த தடவை வேறு இடத்தில்தான் உடையும் என்பது அவர்கள் பேச்சு.

அந்தப் பேர் அன்றைக்குக் காலையில் போயிற்று. லேத் எந்திரத்துக்குப் பின்னால், மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் துடைப்பம் போகிற சந்தில், சுருள் சுருளாகக் கிடந்த இரும்புச் சீவலை வாரி இழுத்தபோது, அதோடு ஒரு உருளைத் துண்டும் உருண்டு வந்து அவர் செருப்பில் மோதி நின்றது. விரல் நீளம் இருக்கும். ஒரு பக்கம் பளபளவென்று கடைந்து, மறு பக்கம் கடையாமல் விட்டிருந்தது. முத்தையா அதைக் குனிந்து எடுத்துச் சட்டையிலேயே துடைத்துப் பார்த்தார். பார்த்த உடனே புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அது அவருடைய தங்கை கணவர் பழனியப்பனின் வண்டிக்குள் இருந்திருக்க வேண்டிய துண்டு. வண்டியோ நேற்றே பட்டறையை விட்டுப் போய்விட்டது. இன்றைக்கு அதன் முதல் நீண்ட பயணம்.

விஷயம் இதுதான். பழனியப்பனிடம் ஒரு பழைய யமஹா இருந்தது, அறுநூற்றைம்பது சிசி. அதன் பின்பாதியை, ஸ்பிரிங்கும் மற்றதுமாக, அறுத்து எறிந்துவிட்டு, ஸ்பிரிங்கே இல்லாத ஒரு புதுப் பின்பாதியைக் குழாய் வளைத்துச் செய்து முன்பாதியோடு ஒட்டினார் முத்தையா. இப்படி வெட்டி மாற்றிக் கட்டுகிற மோட்டார் சைக்கிளைச் சாப்பர் என்பார்கள், அதில் ஸ்பிரிங் இல்லாததற்கு ஹார்ட்டெயில் என்று பெயர். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆனால் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அந்த அடியை வாங்கிக்கொள்ள வேறு நாதியில்லை. முன்பாதியும் பின்பாதியும் சேர்கிற நாலு ஒட்டுகளும், ஓட்டுகிறவன் இடுப்பும்தான் வாங்க வேண்டும். அதனால் நாலு இடத்திலும் குழாய்க்குள் ஒரு இரும்புத் துண்டை இறுக்கமாகச் செருகி, இரண்டு பக்கமும் அதைக் கவ்விக்கொண்ட பிறகுதான் மேலே வெல்டிங் ஓட்டுவார்கள். துண்டு இல்லாத ஒட்டு பார்வைக்கு ஒட்டு, அவ்வளவுதான். நாலு துண்டு கடைந்தார். மூன்று உள்ளே போயிற்று. நாலாவது இதோ அவர் உள்ளங்கையில் கிடக்கிறது.

எப்படி விட்டுப்போயிற்று என்று யோசிக்க அவருக்கு நேரம் பிடிக்கவில்லை. பின்பாதியை ஒட்டுகிற அன்றைக்குப் பழனியப்பன் பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரம் குறித்துக்கொண்டு வந்திருந்தார். தேங்காய், பழம், சூடம், எலுமிச்சம்பழம் எல்லாம் வந்தன. கூடவே முத்தையாவின் தங்கை உமையாள் வந்தாள், கையில் சங்கோடு. செட்டியார் வீட்டில் நல்ல காரியத்துக்குப் பெண்கள் சங்கு ஊதுவது வழக்கம்தான். ஆனால் லோரிப் பட்டறையில் மோட்டார் சைக்கிளுக்குச் சங்கு ஊதியது உலகத்திலேயே அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும். பக்கத்து டயர் கடைக்காரர்களெல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

நாலாவது துண்டு அப்போது இடது பக்கக் கீழ்க்குழாய்க்குள் இறங்க மறுத்தது. இன்னும் கொஞ்சம் கடைய வேண்டும்.

“நேரம் முடியப் போவுது மச்சான்,” என்றார் பழனியப்பன், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. “வெளிய ஒரு பொட்டு வெல்டிங் வைங்க, போதும். அப்புறம் பிரிச்சு உள்ள வச்சுக்கலாம்லா.”

பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொன்னது இந்த மாதிரி நேரத்தில் யாருக்கு ஞாபகம் வருகிறது? முத்தையா நாலு இடத்திலும் பொட்டு வைத்தார். சங்கு ஒலித்தது. சூடம் காட்டினார்கள். கேசரி சாப்பிட்டார்கள். கேசரி வாயில் இருக்கும்போதே துறைமுகத்திலிருந்து போன் வந்தது. கொள்கலன் ஏற்றிய டிரெய்லர் ஒன்று பாதி ரோட்டில் உட்கார்ந்துவிட்டதாம். அந்த வேலை நாலைந்து நாளைத் தின்றுவிட்டது. திரும்பி வந்து வண்டிச் சட்டத்தைப் பார்த்தபோது நாலு ஒட்டும் ஒரே மாதிரி பொட்டு வைத்துக்கொண்டு சமர்த்தாக இருந்தன. முகமூடியை மாட்டினார், ஒரே மூச்சில் நாலையும் ஓட்டி முடித்தார், கிரைண்டர் போட்டு வழவழவென்று தேய்த்தார். அதன்மேல் கறுப்புப் பெயின்ட். இனி கடவுளே வந்து பார்த்தாலும் எது வெறும் ஒட்டு என்று சொல்ல முடியாது.

முத்தையா பழனியப்பனுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். மறுபடியும் நின்றது. உமையாளுக்குப் போட்டார். அவளும் எடுக்கவில்லை. பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிற வீட்டுக்கே போட்டார். தங்கை மகள் ரஞ்சனி எடுத்தாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, குரலிலேயே தூக்கம்.

“அப்பா கெளம்பிட்டாரா தாயி?”

“அப்பவே போயிட்டாங்க மாமா. செமினி போயி அந்த பழைய பைக் குரூப்போட பசியாறிட்டு, டேம் ரோட்டுல ஒரு ரவுண்டாம்.”

“அம்மாகிட்ட போன குடேன்.”

“அம்மாவும்தான் போயிருக்காங்க மாமா. பின்னால ஏறி உக்காந்துட்டாங்க. அப்பா வேணாம் வேணாம்னாரு, கேக்கலயே. ஏன் மாமா, ஏதாச்சும் அவசரமா?”

ஒரு ஆள் பாரத்தையே அந்த ஒட்டு தாங்குமா என்று முத்தையாவுக்குச் சந்தேகம். இப்போது இரண்டு ஆள். இரண்டாவது ஆள் அவர் கூடப் பிறந்தவள். அந்தப் பின் சீட்டையும் அவர்தான் தைத்து வாங்கி மாட்டிக் கொடுத்திருந்தார், தங்கை ஆசைப்பட்டாள் என்று.

“ஒண்ணுமில்லம்மா,” என்றார். “சும்மாத்தான் கேட்டேன்.”

சும்மாத்தான்! இந்த இடத்தில் முத்தையாவை நாலு வார்த்தை திட்டத்தான் தோன்றும். ஆனால் அவருக்கும் பழனியப்பனுக்கும் நடுவில் இருந்த கதையைத் தெரிந்துகொண்டு திட்டுவதுதான் நியாயம்.

பழனியப்பன் ஆடிட்டர். பிரிக்ஃபீல்ட்ஸில் புது வீடு கட்டிக் குடிபோனபோது வாசலுக்குத் தானாகத் திறந்து மூடுகிற ஆட்டோகேட் செய்து மாட்டியது முத்தையா. குடிபோன அன்றைக்கு, ஊர்ப்பட்ட சொந்தமும் தட்டு, பூவோடு வெளியில் நிற்கும்போது, அந்தக் கேட் பாதி திறந்து அப்படியே நின்றுவிட்டது. இழுத்தால் வரவில்லை, தள்ளினால் போகவில்லை. ஒவ்வொருவராகப் பக்கவாட்டில் திரும்பி வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். பழனியப்பன் அத்தனை பேருக்கு முன்னால் சிரித்துக்கொண்டே, “எங்க மச்சான் வேலை எப்பவும் அரைகுறைதான்,” என்று சொல்லிவிட்டார். சபையே சிரித்தது. பட்டறை வைக்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்தே, செட்டி வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கரி வேலை எதற்கு என்று முணுமுணுத்த சபை அது. முத்தையா அன்றைக்குச் சாப்பிடாமல் கிளம்பியவர். அதற்குப் பிறகு எட்டு வருஷம் அவர்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்யாண வீடுகளில் ஒருவர் முதல் பந்தி என்றால் மற்றவர் இரண்டாவது பந்தி. உமையாள் இரண்டு பந்திக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டிருப்பாள்.

அப்படி இருந்த மனிதர் ஒருநாள் வாடகை லோரியில் பழைய யமஹாவை ஏற்றிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நின்றார். போனில் ஒரு சாப்பர் படத்தைக் காட்டி, “இந்த மாதிரி செய்யணும் மச்சான். உங்கள விட்டா யாரு செய்வா?” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு முத்தையா உருகிப்போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பழனியப்பன் ரொட்டி சானாய் பொட்டலத்தோடு வருவார். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பார். தப்பான ஸ்பானராகத்தான் கொடுப்பார். முத்தையா ஒன்றும் சொல்லாமல் தானே போய் எடுத்துக்கொள்வார். இருவரும் கண்ணாடிப் பாத்திரத்தைச் சுமக்கிற மாதிரி அந்தப் புது உறவைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மனிதரிடம் போய், மாப்பிள்ளை, இதுவும் அரைகுறைதான் என்று எந்த வாயால் சொல்வது?

முத்தையா போனில் தட்டினார். ‘வண்டியை உடனே நிறுத்துங்க’ என்று எழுதினார். படித்துப் பார்த்தார். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அழித்தார். ‘வண்டி எப்படிப் போகுது மாப்பிள்ளை?’ என்று எழுதி அனுப்பினார். நேரில் போய்ப் பிடித்துவிடலாம், ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியை வாங்கிக்கொள்ளலாம், செயின் பார்க்கணும், எண்ணெய் மாத்தணும் என்று சொன்னால் போயிற்று. இப்படி நினைத்துக்கொண்டு, பட்டறையைப் பூட்டக்கூட மறந்து, ஹைலக்ஸ் பிக்கப்பில் ஏறினார்.

கெசாஸ் நெடுஞ்சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் இல்லை. அவர் கால் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தியே வைத்திருந்தது. மனம் மட்டும் முன்னால் ஓடி ஓடிப் போய் ஒவ்வொரு பள்ளத்தையும் பார்த்துவிட்டு வந்தது. இடது பக்கக் கீழ்க்குழாய். அதுதான் வெறும் ஒட்டு. சக்கரம் எதில் இறங்கினாலும் அந்த அடி நேராக அதன்மேல்தான். முதலில் பெயின்ட் வெடிக்கும். பிறகு கோடு விடும். பிறகு ஒருநாள், ஒரு நிமிஷம், வண்டி நடுவில் முறிந்து... அதற்கு மேல் நினைக்காமல் இருக்க வானொலியைப் போட்டார். யாரோ உற்சாகமாகச் சிரித்தார்கள். அணைத்துவிட்டார்.

வண்டியை இப்படி மாற்றிக் கட்டியதற்கு அனுமதி இன்னும் வந்தபாடில்லை. அதனால் வழியில் எங்காவது சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஜேபிஜே ரோட்பிளாக் இருந்தால் அந்த இடத்திலேயே வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். முத்தையா தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரோட்பிளாக்குக்காக முருகனை வேண்டிக்கொண்டார். முருகா, அவங்களப் பிடிச்சு சம்மன் எழுதட்டும். நானே வந்து கட்டறேன். ஆனால் வேண்டும்போது எந்த ரோட்பிளாக் வந்திருக்கிறது?

காஜாங் டோல் சாவடிக்கு முன்னால் வரிசையில் நின்றபோதுதான் போனைப் பார்த்தார். பழனியப்பனிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. பெட்ரோல் நிலையத்தில் எடுத்தது. கறுப்புச் சாப்பர் வெயிலில் மின்னுகிறது. உமையாள் சேலைக்குப் பதில் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, தலைக்கவசத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிறாள். பக்கத்தில் பழனியப்பன் கட்டைவிரலைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கீழே எழுதியிருந்தார்: ‘சூப்பர் மச்சான்! உங்க தங்கச்சி இறங்கவே மாட்டேங்கறா.’

படம் வந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. உடனே கூப்பிட்டார். எடுக்கவில்லை. கிளம்பிவிட்டார்கள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பழனியப்பன் அவருடைய செய்தியைப் பார்த்திருக்கிறார். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது, உமையாள் கீழே இறங்கி நிற்கும்போது பார்த்திருக்கிறார். நிறுத்துங்க என்ற ஒரு வார்த்தையை அழிக்காமல் அனுப்பியிருந்தால், இந்நேரம் இரண்டு பேரும் அந்தப் பெட்ரோல் நிலையத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு இவருக்காகக் காத்திருப்பார்கள். முத்தையா ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தார். பின்னால் நின்ற கார்க்காரன் ஹாரன் அடித்தான்.

செமினியில் அந்தப் பழைய பைக் கூட்டத்தைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மாமாக் சாப்பாட்டுக் கடை வாசலில் பத்துப் பதினைந்து வண்டிகள் நின்றன. சாப்பர் இல்லை. தாடி வைத்த ஒருவர் நுரை ததும்பத் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“Boss, கறுப்பு சாப்பர் ஒண்ணு வந்துச்சா? பின்னால ஒரு அக்கா உக்காந்து...”

“ஆடிட்டர் பழனியா? இப்பதான் அண்ணே போனாரு. பாதிப் பேரு முன்னால போயிட்டாங்க, அவரு மெதுவா போறேன்னாரு. டேம் ரோடு.” தாடிக்காரர் கண்ணாடிக் குவளையை வைத்துவிட்டு உற்சாகமாக நிமிர்ந்தார். “செம வண்டி அண்ணே அது! ஒட்டு எங்க இருக்குன்னே தெரியல, ஒரே பீஸ் மாதிரி. யாரு செஞ்சது, தெரியுமா உங்களுக்கு?”

இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்று முத்தையா எத்தனை வருஷம் ஏங்கியிருப்பார்! நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேண்டிய இடம்.

“தெரியாது boss,” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பிக்கப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். தன் கையால் செய்ததைத் தெரியாது என்று சொல்லிவிட்டார். இதற்கு மேல் கீழே போக என்ன இருக்கிறது? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? போனை வாய்க்கு நேராகப் பிடித்துக் குரல் செய்தியை அழுத்தினார்.

“மாப்பிள்ளை, வண்டிய நிறுத்துங்க. எங்க இருந்தாலும் அங்கயே நிறுத்திட்டு எறங்குங்க. எடது பக்கம் கீழ ஒட்டுல உள்ள துண்டு வைக்கல. நான் மறந்துட்டேன். என் தப்பு. உமையாள எறக்கி விடுங்க மாப்பிள்ளை. நான் வந்துக்கிட்டே இருக்கேன்.”

அனுப்பினார். ஒற்றை டிக்தான் விழுந்தது. அணைக்கட்டுப் பக்கம் காட்டுக்குள் லைன் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். உண்மை கடைசியில் வாயை விட்டு வந்தது, போய்ச் சேரத்தான் வழியில்லை.

டேம் ரோடு வளைந்து வளைந்து ஏறியது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் மரங்களுக்கு ஊடே பள்ளம். மழை அரித்த இடங்களில் தார் பிய்ந்து கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் பிக்கப் தூக்கிப் போடும்போது, ஸ்பிரிங் இருக்கிற வண்டிக்கே இப்படி என்றால் அந்தச் சாப்பருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். எதிரில் பைக்குகள் வந்தன, ஒவ்வொன்றாகப் பார்த்தார், அது இல்லை. ஒரு திருப்பத்தில் சாலையில் சறுக்கிய கறுப்பு டயர்த் தடம் தெரிந்தது. பிக்கப்பை நிறுத்தி இறங்கி ஓரத்தில் எட்டிப் பார்த்தார். செடிகள் ஒடியவில்லை. பழைய தடம். மறுபடி ஏறினார்.

அடுத்த திருப்பம் தாண்டியதும் கூட்டம். இரண்டு பக்கமும் கார்கள் கண்டபடி நின்றிருந்தன. ஆட்கள் வட்டமாகக் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் பெரிய கத்தி. முத்தையாவுக்குக் கத்தி கண்ணில் படவில்லை. குனிந்த முதுகுகள்தான் தெரிந்தன. பிக்கப்பை நடு ரோட்டிலேயே விட்டுவிட்டு, “உமையா! உமையா!” என்று கத்திக்கொண்டு ஓடினார். ஆட்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தார்.

டுரியான். லோரி நிறைய டுரியான் பழம் வந்திறங்கி, வியாபாரம் நடந்துகொண்டிருந்தது.

“அண்ணே?”

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, விரலெல்லாம் டுரியானோடு, உமையாள் அவரை வாய் பிளந்து பார்த்தாள். பக்கத்தில் பழனியப்பன் ஒரு நாற்காலியில். அவர் எதையும் சாப்பிடவில்லை. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

முத்தையா தங்கையின் தலையைத் தொட்டார், தோளைத் தொட்டார், கையைப் பிடித்தார். பிறகு ஐம்பது வயது மனிதர், அத்தனை பேர் பார்க்க, ஓவென்று அழுதார். டுரியான்காரன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

“என்னண்ணே ஆச்சு? வீட்ல யாருக்காச்சும்...?”

“வண்டி எங்க?” என்றார் முத்தையா.

வண்டி மரத்தடியில் நின்றது. அதன் பக்கத்தில் மண்ணில் மண்டியிட்டார். சலவைச் சட்டையின் கையால் இடது பக்கக் கீழ்க்குழாயின் புழுதியைத் துடைத்தார். வழவழப்பான கறுப்பில், ஒட்டு இருக்கிற இடத்தில், ஒரு மயிரிழை வட்டமாக ஓடியிருந்தது. பாதி வட்டம். நகத்தால் தடவினால் நகம் மாட்டியது. பெயின்ட் மட்டும் வெடிக்கவில்லை, இரும்பும் விட்டிருந்தது.

இனிச் செயின், எண்ணெய் என்று சொல்ல அவருக்கு மனமில்லை. எழுந்து நின்று, பின்னாலேயே வந்திருந்த பழனியப்பனின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“மாப்பிள்ளை, இந்த ஒட்டுக்குள்ள துண்டு இல்ல. நான் வைக்க மறந்துட்டேன். இன்னும் ரெண்டு திருப்பம் போயிருந்தா ஒடஞ்சிருக்கும். அரைகுறை வேலைதான் பாத்துட்டேன். என்னய என்ன வேணா சொல்லுங்க.”

பழனியப்பன் தலைக்கவசத்தை மெதுவாகக் கழற்றினார். உள்ளே அவர் முடி வியர்வையில் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. முகம் வெளிறிக் கிடந்தது.

“தெரியும் மச்சான்,” என்றார்.

“என்ன தெரியும்?”

“அன்னைக்கு மூணுதான் உள்ள போச்சு. நான் எண்ணிக்கிட்டுதான் நின்னேன்.” அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “அப்புறம் நீங்க பிரிச்சு வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். கேக்கணும்னு மூணு சனிக்கெழம வாய் வரைக்கும் வந்துச்சு. மறுபடியும் ஒங்க வேலையில நொட்டை சொல்றேன்னு ஆயிடுமோன்னு விட்டுட்டேன். எட்டு வருஷம் கழிச்சு இப்பதானே பேசறோம். கொஞ்ச தூரம் போனதும் பின்னால ஒரு சத்தம் கேக்கற மாதிரி இருந்துச்சு. மனசுதான் பயத்துல கேக்குதோன்னு நெனச்சேன். அதான் மத்தவங்கள போகச் சொல்லிட்டு, டுரியான் சாப்பிடலாம்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லி இங்க ஒதுக்கிட்டேன்.”

“சூப்பர்னு அனுப்பினீங்களே!”

“நீங்க எப்படிப் போகுதுன்னு ஆசையாக் கேட்டீங்களே மச்சான்!”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உமையாள் எழுந்து வந்ததை இருவரும் கவனிக்கவில்லை. அவள் டுரியான் கையைத் துடைக்காமல் நின்றாள்.

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றாள் கணவனிடம். குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. “தெரிஞ்சும் என்னப் பின்னால ஏத்துனீங்க.”

“நான்தான் வேணாம் வேணாம்னேனே உமா. நீ கேக்கல...”

“ஏன் வேணாம்னு சொன்னீங்களா?”

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“நாங்க இந்தப் பக்கம் வந்தத ரஞ்சனிதானே சொல்லியிருப்பா? அவகிட்ட பேசுனீங்களா?”

“பேசினேன்.”

“என்ன சொன்னீங்க?”

முத்தையா தலையைக் குனிந்துகொண்டார். “சும்மாத்தான்னு சொன்னேன்.”

உமையாளுக்குக் கண்ணீர் வரவில்லை. உதடு மட்டும் துடித்தது.

“நீங்க ரெண்டு பேரும் பேசிக்காம இருந்த எட்டு வருஷமும் நான் நல்லாத்தான்யா இருந்தேன்,” என்றாள். “ஒருத்தர் மனசு ஒருத்தருக்கு நோகக் கூடாது. அதுக்கு நடுவுல நான் செத்தாலும் பரவால்ல. அப்படித்தானே?”

அவள் அண்ணனிடம் கையை நீட்டிப் பிக்கப் சாவியை வாங்கிக்கொண்டாள்.

“வண்டியத் தூக்கிப் பின்னால ஏத்துங்க. ரெண்டு பேரும் அதுகூடவே உக்காந்து வாங்க. எம் பக்கத்துல யாரும் உக்காரக் கூடாது. அப்புறம், வாய மூடிக்கிட்டு வராதீங்க. மனசுல என்னென்ன மூடி வச்சிருக்கீங்களோ, அத்தனையும் வீடு போறதுக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் சொல்லி முடிக்கணும். சத்தம் நின்னா நான் வண்டிய நிறுத்திருவேன்.”

டுரியான் வாங்க வந்தவர்கள் நாலு பேர் கை கொடுத்துச் சாப்பரைப் பிக்கப்பில் ஏற்றினார்கள். ஆடிட்டரும் பட்டறைக்காரரும் பின்தட்டில் ஏறி, ஆளுக்கொரு பக்கமாக வண்டியைப் பிடித்துக்கொண்டு குந்தினார்கள். இப்படி ஆள் ஏற்றினால் போலீஸ் பிடிக்கும் என்று உமையாளிடம் சொல்ல இருவருக்கும் தைரியம் இல்லை. அவள் பள்ளம் மேடு பார்க்காமல் ஓட்டினாள். வேண்டுமென்றேதான் ஓட்டினாள் என்று சத்தியம் செய்யலாம்.

முதல் திருப்பம் வரைக்கும் இருவரும் பேசவில்லை. பிக்கப் வேகம் குறைந்தது.

“மச்சான்,” என்றார் பழனியப்பன் அவசரமாக.

“சொல்லுங்க மாப்பிள்ளை.”

“எனக்கு இந்தச் சாப்பர் மேலல்லாம் ஆசையே இல்ல.”

முத்தையா நிமிர்ந்து பார்த்தார்.

“இடுப்பு போயிருச்சு மச்சான். நேத்து பட்டறையிலேர்ந்து வீடு வரைக்கும் ஓட்டினதுக்கே ராத்திரி தைலம் தேச்சுக்கிட்டுப் படுத்தேன். பழைய சீட்டே எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு.”

“பின்ன எதுக்குப் படத்தத் தூக்கிக்கிட்டு வந்து நின்னீங்க?” முத்தையாவுக்குக் கோபமே வந்துவிட்டது. “எஞ்சின் மட்டும் பாருங்கன்னு சொல்லியிருந்தா, ஒரே வாரத்துல முடிச்சுக் கையில குடுத்திருப்பேனே!”

“குடுத்திருப்பீங்க,” என்றார் பழனியப்பன். “அப்புறம் நான் என்னத்தச் சொல்லிக்கிட்டு மச்சான் அடுத்த சனிக்கெழம அங்க வர்றது?”

முத்தையாவால் உடனே பேச முடியவில்லை. பிக்கப் மறுபடி வேகம் குறைந்தது. முன்னால் கண்ணாடி இறங்கி உமையாளின் கை வெளியே வந்தது.

“பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்!” என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

முத்தையா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாப்பரின் கறுப்புக் குழாயைப் பார்த்தார்.

“நாலு ஒட்டையும் அறுக்கணும் மாப்பிள்ளை. பழைய பின்பாதியத் தேடிப் பிடிச்சு, ஸ்பிரிங்கு போட்டு, முதல்லேர்ந்து ஒவ்வொண்ணா செய்யணும்.”

“ரொம்ப நாள் ஆகுமா?”

“ஆகும்.”

“ஆகட்டும் மச்சான்,” என்றார் பழனியப்பன்.